லாரி ஓட்டுநர்களுக்கான சாலையோர ஓய்விடம்

சாலையோர ஓய்விடம் என்பது தொலைதூரம் செல்லும் லாரிகளின் (சரக்குந்துகளின்) ஓட்டுநர்கள் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, உறங்கி, குளித்து, உண்டு, பயணத்தைத் தொடர்வதற்காக நெடுஞ்சாலையை ஒட்டி அமைக்கப்படும் இடமாகும். தேநீர்க்கடை, தாபா, பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் முன்னுள்ள காலியிடங்களும் இவ்வாறு பயன்படுகின்றன. ஆயினும், லாரிகளின் எண்ணிக்கை, அவை நிற்கும் நேரம், சாலையின் அமைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு உருவாக்கப்படும் இடத்தையே திட்டமிட்ட ஓய்விடம் என்று கூறுவர்.

ஓய்விடம் வெற்றி பெறுவதும் வீணாவதும் பெரும்பாலும் ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகிறது: சரக்கைப் பற்றிய கவலையின்றி ஓட்டுநர் கண்ணை மூட முடியுமா? திண்டுக்கல் மாவட்டம், பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் உள்ள தாண்டிக்குடியிலிருந்து புறப்படும் சரக்கின் வழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

பழைய ஏற்பாடுகள்

வழிப்போக்கர்களுக்கு ஓய்விடம் அமைப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி, சாலையோர மரம், கிணறு ஆகிய அனைத்தும் இந்தத் தேவைக்காக ஏற்பட்டவை. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆட்சி செய்த ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்காக இன்றும் நினைக்கப்படுகிறார். தாண்டிக்குடி மலைக்கு வடக்கே சமவெளியில் உள்ள ஒட்டன்சத்திரம், அதற்கு அருகிலுள்ள சத்திரப்பட்டி ஆகிய ஊர்கள் தம் பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கியுள்ளன.

இவற்றுள் சுமைதாங்கி தனிக் கவனத்துக்கு உரியது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்து, ஏறத்தாழ ஓர் ஆளின் தோள் உயரத்தில் அமைப்பார்கள். தலைச்சுமையுடன் வருபவர் குனியாமல், பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறிய பின் அவ்வாறே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதனை நிறுவும் வழக்கமும் இருந்தது. நடப்பவர் ஓய்வெடுக்க வேண்டுமானால் முதலில் சுமைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அறிந்து செய்த அமைப்பு இது. இன்றைய லாரி ஓய்விடத்துக்கும் இதே விதி பொருந்தும்.

நெடுஞ்சாலைகளின் இருபுறமும் நின்ற புளியமரங்களும் அண்மைக்காலம் வரை ஓட்டுநர்களின் ஓய்விடமாக இருந்தன. பகலில் அந்த நிழலில் வண்டியை நிறுத்தி, ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்து, அடியில் பாய் விரித்து உறங்குவார்கள். நான்குவழிச் சாலைகள் அமைந்தபோது பல இடங்களில் இம்மரங்கள் அகற்றப்பட்டன. சாலையின் நடுவே தடுப்பு வந்ததால் எதிர்ப்பக்கத்துக் கடைக்குச் செல்ல, ஓட்டுநர் வேகமாக வரும் வாகனங்களுக்கு இடையே நடந்து கடக்க வேண்டியதாயிற்று. பயண நேரம் குறைந்தது. நிற்பதற்கான இடமும் சேர்ந்து குறைந்தது.

தாண்டிக்குடியிலிருந்து சந்தைக்கு

தாண்டிக்குடி, கொடைக்கானல் வட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஊர். காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, சவ்சவ், அவரை, வெண்ணெய்ப்பழம் முதலியவை இப்பகுதியில் விளைகின்றன. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இவ்வூரிலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அருகிலுள்ள தடியன்குடிசையிலும் உள்ளன. இம்மலைத்தொடரில் சாலை வசதி இல்லாத வெள்ளகவி போன்ற ஊர்களில் குதிரைகளே சுமை தூக்கின.

மலையில் விளைந்த பொருள்கள் பெரும்பாலும் சிறிய வேன்களிலும் மினி லாரிகளிலும் கீழே இறங்குகின்றன. காபிக்குப் பட்டிவீரன்பட்டியும், காய்கறிக்கு ஒட்டன்சத்திரமும், பிற சரக்குகளுக்கு வத்தலக்குண்டும் திண்டுக்கல்லும் இயல்பான சந்தைகள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பெருமளவில் லாரிகள் செல்கின்றன. திண்டுக்கல்லில் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 வந்து சேர்கிறது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, குமுளி வழியாகக் கேரளத்துக்குச் செல்வது தேசிய நெடுஞ்சாலை 183.

இந்தப் பயணத்தை நேரக் கணக்காகப் பார்க்கலாம். மலைச்சரக்கு மாலையில் திண்டுக்கல்லில் பெரிய லாரியில் ஏற்றப்பட்டுச் சென்னை கோயம்பேடு சந்தைக்குப் போவதாகக் கொள்வோம். தொலைவு 400 கிலோமீட்டருக்கு மேல். சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்றால், ஓட்டும் நேரம் மட்டும் சுமார் 9 மணி நேரம் ஆகும். சரக்கு ஏற்றுவதற்குக் காத்திருந்த நேரம் இதில் சேரவில்லை. காய்கறி விடிவதற்குள் சந்தையில் இறங்க வேண்டும். தாமதமானால் விலை குறையும். ஆகவே உடல் உறக்கத்தைக் கேட்கும் நேரம் முழுவதும் ஓட்டுநர் விழித்திருக்க வேண்டியுள்ளது. தமிழகத்துக்குள் முடிந்துவிடும் ஓர் இரவுப் பயணத்தின் நிலையே இதுவானால், நாமக்கல் பகுதி லாரிகள் செல்லும் வடமாநிலப் பயணங்களின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

களைப்பின் இயல்பு

மனித உடல் ஒரு நாள் சுழற்சியில் இயங்குகிறது. நள்ளிரவு கடந்து 2 மணி முதல் 5 மணி வரையிலும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையிலும் விழிப்பு நிலை இயல்பாகவே தாழும். உறக்கம் போதாதவருக்குக் கண் திறந்திருக்கும்போதே மூளை சில வினாடிகள் உறங்கிவிடுவது உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். மூன்று வினாடியில் 50 மீட்டர். அந்தத் தொலைவு முழுவதும் வண்டியை இயக்க ஆளில்லை என்றே கொள்ள வேண்டும்.

தேநீர் குடிப்பது, முகம் கழுவுவது, பாட்டுக் கேட்பது ஆகியவை சிறிது நேரமே உதவும். உறக்கக் குறைவை உறக்கத்தால்தான் ஈடுசெய்ய முடியும். இருபது நிமிட உறக்கமும் ஓரளவு விழிப்பைத் தரும். ஆனால் எழுந்த உடனே ஓட்டத் தொடங்காமல், மயக்கம் தெளியச் சில நிமிடங்கள் விட வேண்டும்.

ஓய்விடம் இல்லாததால் இரண்டு வகை விபத்துகள் நேர்கின்றன. ஓட்டுநர் கண் அயர்ந்து மோதுவது ஒன்று. களைத்த ஓட்டுநர் வேறு வழியின்றிச் சாலை ஓரத்தில் நிறுத்திய லாரியின் பின்புறத்தில், இருட்டில் வரும் கார், பேருந்து, இருசக்கர வாகனம் மோதுவது மற்றொன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். நின்றிருக்கும் வாகனத்தில் மோதுதல் இவ்வறிக்கைகளில் தனி வகையாகவே பதிவு செய்யப்படுகிறது. ஓய்விடத்தின் பயன் லாரி ஓட்டுநரோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இது காட்டும்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைநேரத்தை வரையறுத்தது. தொலைதூரப் பயணம் போன்ற நிலைகளில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை அனுமதித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரைமணி நேர இடைவேளையும், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வும் தர வேண்டும் என்றது. தொழிலாளர்கள் இரவில் தங்க நேரும் இடங்களில் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள தூய்மையான ஓய்வறை அமைப்பதும் முதலாளியின் கடமை என்று கூறியது. இச்சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

விதி நல்லதாயினும் எட்டும் தூரம் குறைவு. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு லாரிகளை மட்டும் வைத்திருப்போர் இத்தொழிலில் மிகப் பலர். ஓட்டுநர்கள் பலருக்கு நடைக்கணக்கிலும் பேட்டாவாகவும் வருமானம் கிடைப்பதால், நிற்கும் நேரம் வருமானம் இல்லாத நேரமாகிறது. முன்பு உடன் சென்ற கிளீனரும் இப்போது பல லாரிகளில் இல்லை. ஒருவரே ஓட்டவும், சரக்கைக் காக்கவும், தார்ப்பாயைக் கட்டவும் வேண்டியுள்ளது.

எங்கே அமைப்பது

ஓய்விடத்தின் இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கப் பின்வருவன கருதப்படும்.

1. இடைவெளி: இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவைக் கொண்டுள்ளது. லாரிக்கு இது ஒன்று முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். ஓர் ஓய்விடம் நிரம்பியிருந்தாலும் அடுத்ததை அடைவதற்குள் களைப்பு எல்லை மீறாது.

2. இருபுறமும் அமைத்தல்: நடுத்தடுப்பு உள்ள சாலையில் ஒரு பக்கத்து ஓய்விடம் மறுபக்கத்து ஓட்டுநருக்குப் பயன்படாது.

3. பார்வைத் தெளிவு: வளைவின் உட்புறத்திலும் மேட்டின் உச்சியை ஒட்டியும் நுழைவாயில் அமையக்கூடாது. வேகத்தைக் குறைத்து உள்ளே நுழையவும், வேகம் பெற்று வெளியேறவும் தனித்தடம் வேண்டும்.

4. முன்னறிவிப்பு: அடுத்த ஓய்விடம் எத்தனை கிலோமீட்டரில் என்பதைப் பல மொழிகளிலும் படக்குறியிலும் காட்ட வேண்டும். பிற மாநில ஓட்டுநருக்குத் தமிழ்ப் பலகை மட்டும் போதாது.

5. காத்திருக்க நேரும் இடங்கள்: சோதனைச்சாவடி, துறைமுகம், சந்தை, இரவுத் தடை உள்ள வனச்சாலை ஆகியவற்றின் முன் லாரிகள் தாமாகவே தேங்கும். பந்திப்பூர் வழியே செல்லும் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் மலைச்சாலையில் 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. காட்டுயிர்களைக் காக்கும் இத்தகைய தடை எங்கு விதிக்கப்பட்டாலும், தடுக்கப்படும் ஓட்டுநர் இரவைக் கழிக்க இடம் தருவதும் அத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

எத்தனை லாரிகளுக்கு இடம்

தேவையான இடங்களின் எண்ணிக்கையை எளிய பெருக்கலால் அறியலாம். ஒரு மணி நேரத்தில் உள்ளே வரும் லாரிகளின் எண்ணிக்கையை, ஒரு லாரி சராசரியாக நிற்கும் மணி நேரத்தால் பெருக்கினால், ஒரே சமயத்தில் நின்றிருக்கும் லாரிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு திசையில் மணிக்கு 40 லாரிகள் செல்லும் சாலையைக் கொள்வோம். அவற்றுள் 4 லாரிகள் உறங்குவதற்காக வந்து 5 மணி நேரம் நின்றால் 4 × 5 = 20 இடங்கள் தேவை. மேலும் 6 லாரிகள் தேநீருக்காக அரைமணி நேரம் நின்றால் 6 × ½ = 3 இடங்கள் போதும். தேநீருக்கு வருபவர்கள் அதிகம், ஆனால் அவர்களுக்குத் தேவையான இடம் குறைவு. வண்டிகளை மட்டும் எண்ணி, நிற்கும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாத திட்டம் நள்ளிரவிலேயே நிரம்பிவிடும். பின்னால் வரும் லாரி மீண்டும் சாலை ஓரத்துக்கே போகும்.

ஒரு லாரி நிற்க 12 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும், அதாவது 48 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். உள்வழிக்கும் திரும்புவதற்கும் இதைப்போல் இருமடங்கு சேர்த்தால் ஒரு லாரிக்கு ஏறத்தாழ 150 சதுர மீட்டர் ஆகும். 20 லாரிகளுக்கு 3,000 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கர் வேண்டும். டிரெய்லர் லாரிகளுக்கு இதைவிட நீளமான இடம் தேவை. பின்னோக்கி எடுக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி சாய்வாக நிறுத்துவதே சிறந்தது. பின்னோக்கி எடுக்கும்போதுதான் நடமாடுபவர் மீது மோதும் ஆபத்து மிகுதி. கார்களையும் லாரிகளையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள்களை ஏற்றிய டேங்கர்களுக்குச் சமையல் இடத்திலிருந்து விலகிய தனி இடம் தேவை.

என்னென்ன வசதிகள்

* காவல்: சுற்றுவேலி, ஒரே நுழைவாயில், வண்டி எண் பதிவு, இரவு விளக்கு, காவலாளி, கண்காணிப்புக் கேமரா. டீசல், பேட்டரி, ஸ்டெப்னி டயர், தார்ப்பாய்க்கு அடியிலுள்ள சரக்கு ஆகிய அனைத்தும் திருடுபோகக்கூடியவை. இழப்பு ஓட்டுநர் தலையில் விழும் என்ற அச்சம் இருக்கும்வரை, எத்தனை கட்டில்கள் போட்டாலும் அவர் வண்டியை விட்டு வரமாட்டார்.

* உறங்குமிடம்: பொதுக்கூடத்தில் கட்டில், மின்விசிறி, கொசுவலை, கைபேசிக்கு மின்னேற்றம், பணமும் ஆவணங்களும் வைக்கப் பூட்டுள்ள பெட்டி. கூடத்திலிருந்து வண்டிகள் கண்ணில் படுமாறு இருப்பது நல்லது. இரவில் ஓட்டுபவர்கள் பகலில் உறங்குவதால் வெளிச்சம் புகாத அறையும் வேண்டும்.

* தண்ணீரும் கழிப்பறையும்: குடிநீர், குளிப்பதற்குத் தொட்டி, துணி துவைக்கும் கல், கொடி. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குளியலறையும். கட்டி முடித்ததைவிடத் தினமும் கழுவுவதற்கு ஆள் வைப்பதே பெரிய செலவு. திட்டத் தொகையில் இதற்கு இடமில்லையெனில் கட்டடம் சில மாதங்களில் பூட்டப்படும்.

* உணவு: மலிவான உணவகமும், தாமே சமைப்பவர்களுக்கு மேடையும் தண்ணீரும். மது விற்பனை கூடாது.

* நலவாழ்வு: முதலுதவி, கண் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை. எப்போதும் பயணத்தில் இருப்பவரை மருத்துவர் சந்திக்கக்கூடிய இடம் இதுதான். எச்ஐவி விழிப்புணர்வுப் பணிகளும் லாரிகள் நிற்கும் இடங்களை மையமாகக் கொண்டே நடைபெற்றன.

* பழுது நீக்கம்: பஞ்சர், காற்று, பிரேக், மின்விளக்கு ஆகியவற்றைச் சரிபார்க்கும் பட்டறை.

* நிழல்: மரங்கள். வளர ஆண்டுகள் ஆகும் என்பதால் கட்டடத்துக்கு முன்பே இவற்றை நட வேண்டும்.

மலைச்சாலைக்குரிய தேவைகள்

மலைச்சாலையில் ஓய்விடம் இரண்டு இடங்களில் வேண்டும்: இறக்கம் தொடங்குவதற்கு முன்னும், இறங்கி முடித்த அடிவாரத்திலும். ஓட்டுநரோடு சேர்த்து வண்டிக்கும் அங்கு ஓய்வு கிடைக்கிறது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலைச்சாலையின் பழைய பாடம். டீசலை மிச்சப்படுத்த இன்ஜினை நிறுத்தி இறக்கினால், காற்று பிரேக்குக்குத் தேவையான அழுத்தம் மீண்டும் நிரம்பாது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாட்டை இழந்த விபத்துகள் பல. இறக்கத்துக்கு முன் நின்று பிரேக்கையும் சரக்கின் கட்டையும் பார்ப்பதற்கு ஓர் இடம் இருந்தால் இவ்வகை விபத்துகளைக் குறைக்கலாம்.

மலையில் இடம் குறைவு. பாறையைக் குடைந்தும் சரிவை வெட்டியும் பெரிய நிறுத்தம் அமைத்தால் மழைக்காலத்தில் மண்சரிவு நேரலாம். எனவே, மேலே நாலைந்து வண்டிகள் நிற்கும் சிறு ஒதுக்கிடமும், பெரிய ஓய்விடம் அடிவாரச் சமவெளியிலும் அமைவதே பொருத்தம். ஒதுக்கிடத்தில் சக்கரங்களுக்கு வைக்கத் தடுப்புக்கட்டைகள் தரப்பட வேண்டும். சாலையில் கல்லை வைத்து நிறுத்திவிட்டு, போகும்போது கல்லை அங்கேயே விட்டுச் செல்வது பின்வரும் இருசக்கர வாகனங்களுக்கு ஆபத்தாகிறது.

இந்தியத் திட்டங்கள்

நான்குவழிச் சாலைத் திட்டங்களில் லாரி ஒதுக்கிடங்கள் அமைப்பது வழக்கமாகியுள்ளது. 2021-இல் தேசிய நெடுஞ்சாலைகளில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலையோர வசதிகளை ஐந்தாண்டுகளில் உருவாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், ஓட்டுநர்களுக்காக நெடுஞ்சாலைகளில் முதற்கட்டமாக 1,000 ஓய்வுக் கட்டடங்கள் அமைக்கப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தம் பெட்ரோல் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் கட்டில், குளியல் தொட்டி, சமையல் இடம் ஆகியவற்றுடன் தங்குமிடங்களை நடத்துகின்றன. 2024 அக்டோபரில் சாலையோர வசதிகளின் தரத்துக்காக ‘ஹம்சஃபர்’ கொள்கை வெளியிடப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டது. எனினும் இவ்வசதி ஓய்விடத்துக்கு மாற்றாகாது. நின்ற வண்டியில் அதனை இயக்க வேண்டுமானால் பொதுவாக இன்ஜின் ஓட வேண்டும். அதற்கு டீசல் செலவாகும்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட இடைவேளை கட்டாயம். நாளில் 9 மணி நேரமே ஓட்டலாம். வாரத்தில் இரு நாள்கள் மட்டும் 10 மணி வரை நீட்டிக்கலாம். வண்டியிலுள்ள பதிவுக்கருவி இதனைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் 2009-இல் ஓர் ஓட்டுநர் சரக்கை இறக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் லாரியை நிறுத்தினார். அங்கே கொள்ளையனால் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் பிறரும் தொடர்ந்து முயன்றதன் பயனாக, 2012-இல் லாரி நிறுத்தங்களுக்கு நிதியுதவிக்கு வழிவகுக்கும் பிரிவு நெடுஞ்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது அவர் பெயரால் ‘ஜேசன் சட்டம்’ எனப்படுகிறது.

ஜப்பானில் 1993-இல் தொடங்கிய ‘மிச்சி நோ எக்கி’ என்னும் சாலை நிலையங்களில் 24 மணி நேர நிறுத்தமும் கழிப்பறையும் கட்டணமின்றிக் கிடைக்கும். அங்கேயே அவ்வூர் உழவர்கள் தம் விளைபொருளை விற்கிறார்கள். ஊருக்கு வருமானம் வருவதால், நிலையத்தைப் பேணுவதில் ஊர்மக்களுக்கும் அக்கறை ஏற்படுகிறது.

தாண்டிக்குடி வழிக்குப் பொருந்துவன

மேற்கண்டவற்றைத் தாண்டிக்குடியின் சரக்கு வழியில் பொருத்திப் பார்த்தால் மூன்று தேவைகள் தெளிவாகின்றன. முதலாவது, மலையில் இறக்கத்துக்கு முன் பிரேக்கைச் சரிபார்க்கச் சிறு ஒதுக்கிடம். இரண்டாவது, வத்தலக்குண்டுப் பக்கத்து அடிவாரத்தில், சிறு வண்டியிலிருந்து பெரிய லாரிக்குச் சரக்கு மாறும் இடத்தை ஒட்டிய காவலுள்ள ஓய்விடம். ஏற்றும்வரை காத்திருக்கும் ஓட்டுநர் அந்த நேரத்தை உறக்கமாக மாற்றிக்கொண்டால், இரவு விழிப்பு ஓரளவு எளிதாகும். மூன்றாவது, ஒட்டன்சத்திரம் சந்தையைச் சார்ந்த நிறுத்தம். ஜப்பானிய முறையில் மலைவாழை, காபித்தூள், மிளகு ஆகியவற்றை இவ்விடங்களில் உள்ளூர் உழவர் குழுக்கள் விற்றால், கழிப்பறையைக் கழுவுபவருக்கும் காவலாளிக்கும் தரும் கூலிக்கு ஒரு வழி பிறக்கும்.

இடம் மட்டும் போதாது; நேரமும் வேண்டும். விடிவதற்குள் வந்தாக வேண்டும் என்று கெடு வைக்கும் வணிகர், வழியில் ஒரு மணி நேர உறக்கத்தையும் பயணக் கணக்கில் சேர்த்தால்தான் ஓய்விடத்தின் வாசலில் லாரி திரும்பும். அந்த ஒரு மணி நேரத்தை இப்போது ஓட்டுநர் தம் உறக்கத்திலிருந்து கொடுக்கிறார். அதனைச் சரக்கின் விலையில் சேர்த்துப் பகிர்ந்துகொள்வது விளைவிப்பவர், வணிகர், லாரி உரிமையாளர், வாங்குபவர் ஆகிய அனைவரின் பொறுப்பாகும்.